மானிப்பாயில் மலர்ந்த மருத்துவத் தமிழ்

தொண்டு செய்யும் நோக்குடன் கடல் கடந்து சென்றோர் வரலாறு நெடியது. அவர்களுள் பலர் தாம் சென்ற நாட்டு மக்களுக்குத் தம் மொழியைக் கற்பித்தனர். சிலர் அம்மக்களின் மொழியைத் தாம் கற்று அதில் சமயம் பேசினர். எலும்பும் நரம்பும், மருந்தும் அறுவையும் பற்றிய புத்தறிவை அம்மொழியிலேயே எழுதி வைத்துச் சென்றோர் மிகச் சிலரே. தமிழுக்கு அப்பேறு ஓர் அமெரிக்க மருத்துவரால் வாய்த்தது. அவரே சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் ஐயம் கற்றோர் நடுவிலும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. அவ்வையத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாய் என்னும் சிற்றூரில் விடை கிடைத்துவிட்டது என்பதைத் தமிழாசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

மிஷன் வந்த வரலாறு

அமெரிக்க மிஷன் தொண்டர்கள் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அமெரிக்கரை விரும்பி வரவேற்கவில்லை. இலங்கை ஆளுநராயிருந்த பிரவுன்றிக் வடபுலத்தில் பணியாற்ற அவர்களுக்கு இசைவு தந்தார். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் முதலிய ஊர்களில் அவர்களுடைய நிலையங்கள் அமைந்தன.

மருத்துவத் தொண்டராக முதலில் வந்தவர் ஜான் ஸ்கடர். நியூயார்க்கில் நடத்திவந்த மருத்துவத் தொழிலைத் துறந்து 1819ஆம் ஆண்டில் புறப்பட்ட அவர், பண்டத்தரிப்பில் நோயாளர்க்கு மருந்தளித்து வந்தார். 1836ஆம் ஆண்டில் அவர் சென்னைக்குச் சென்றார். வேலூரில் பெருமருத்துவமனை கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பெயர்த்தியே. ஸ்கடருக்குப்பின், 1833ஆம் ஆண்டு முதல் வட்டுக்கோட்டையில் நேதன் வார்ட் என்னும் மருத்துவர் பணிபுரிந்தார்.

இவர்கள் வருமுன் யாழ்ப்பாணத்தில் மருத்துவமே இல்லை என்று கொள்ளுதல் பிழையாகும். அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்களைக் கண்ட மண் அது. பரம்பரை வைத்தியர் ஊர்தோறும் இருந்தனர். ஆயினும், கொள்ளைநோயாக வந்த வாந்திபேதியும், கத்தி கொண்டு தீர்க்கவேண்டிய கட்டிகளும் காயங்களும் மேனாட்டு மருத்துவத்துக்கு வழி திறந்தன.

கிறீனின் வருகை

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயார்க் நகரின் மத்தியப் பூங்கா உருவாக முன்னின்று உழைத்த ஆண்ட்ரு ஹாஸ்வெல் கிறீன் இவருடைய தமையனார். 1845ஆம் ஆண்டில் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்ற கிறீன், செல்வமும் செல்வாக்கும் காத்திருந்த தாய்நாட்டை விட்டு, 1847ஆம் ஆண்டில் தம் இருபத்தைந்தாம் அகவையில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஈதர் என்னும் மயக்கமருந்தைக் கொண்டு அறுவை செய்து காட்டிய புகழ்பெற்ற நிகழ்ச்சி பாஸ்டன் நகரில் நடந்தது 1846ஆம் ஆண்டில்தான். மேனாட்டு அறுவை மருத்துவமே புதுத்திருப்பம் கண்ட வேளையில் அவர் புறப்பட்டார் என்பது இதனால் விளங்கும்.

முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய கிறீன், 1848ஆம் ஆண்டில் மானிப்பாயைத் தம் பணியிடமாக்கிக்கொண்டு அங்கே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். இலங்கையின் முதல் மேனாட்டு மருத்துவப் பள்ளி அதுவே. கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றியது அதற்கு 22 ஆண்டுகளுக்குப் பின், 1870ஆம் ஆண்டில்தான்.

கிறீனின் நோக்கம் சமயத்தொண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவர் அதனை ஒருபோதும் மறைத்தாரல்லர். மருந்து வழங்கும் இடத்தில் கிறித்துவ சமயவுரையும் நிகழ்ந்தது. மானிப்பாயில் அவர் பணி தொடங்கிய அதே 1848ஆம் ஆண்டில், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் பள்ளிகளின் வழியாகச் சமயம் பரவுவதைத் தடுக்க எழுந்த முயற்சி அது. சமயத்தால் எதிரெதிரே நின்ற இவ்விரு முயற்சிகளும் தமிழில் பாடநூல் வேண்டும் என்னும் ஒரு கருத்தில் மட்டும் ஒன்றுபட்டன. அக்காலத் தமிழ் உரைநடை இருவழியாகவும் வளம் பெற்றது.

தமிழ் வழிக்கு மாறிய காரணம்

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். மாணவர் திறமையாகவே கற்றுத் தேறினர். எனினும் தேறியோர் பலர் சம்பளம் மிகுந்த அரசுப் பணியை நாடி வேற்றூர் சென்றனர். கிராமத்து நோயாளி முன்போலவே மருத்துவரின்றி இருந்தான். வட்டுக்கோட்டை செமினரியிலும் இதே நிலை காணப்பட்டது. ஆங்கிலக் கல்வி மாணவரை உத்தியோகத்துக்கே அனுப்புகிறது என்னும் குறை எழுந்தமையால், 1823ஆம் ஆண்டில் தோன்றிய அவ்வுயர்கல்விக்கூடம் 1855ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

1857ஆம் ஆண்டில் தாயகம் சென்ற கிறீன் 1862ஆம் ஆண்டில் மனைவியாருடன் திரும்பி வந்தார். 1864ஆம் ஆண்டில் அவர் தமிழிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். தமிழில் கற்றவன் தன் ஊரிலேயே தங்குவான். தன் மக்களுக்கு விளங்கும் சொல்லில் நோயின் காரணத்தைக் கூறுவான் என்பது அவர் துணிபு. மாணவர் மேனாட்டு உடைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. தமிழராகவே வாழ்ந்து தமிழருக்கு மருத்துவம் செய்வோரையே அவர் வேண்டினார். அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்டோருள் 33 பேர் தமிழ் வழியிலேயே கற்றுத் தேறியவர்கள்.

நூல்களும் கலைச்சொற்களும்

நூலின்றி வகுப்பு நடவாது. கிறீன் இதனை முன்னரே உணர்ந்திருந்தார். கால்வின் கட்டர் என்பார் எழுதிய உடற்கூறு, உடலியக்கம், உடல்நலம் பற்றிய நூலும், மகப்பேற்று மருத்துவ நூலொன்றும் 1857ஆம் ஆண்டளவிலேயே தமிழாயின. அடுத்து 1867ஆம் ஆண்டில் 'இரண வைத்தியம்' என்னும் அறுவை மருத்துவ நூல் வெளிவந்தது. கிருமியொழிப்பு முறையை லிஸ்டர் மருத்துவ உலகுக்கு அறிவித்த ஆண்டும் அதுவே. 1872ஆம் ஆண்டில் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியவையும், 1875ஆம் ஆண்டில் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூலும், 1883ஆம் ஆண்டில் 'மனுஷ சுகரணம்' என்னும் உடலியங்கியல் நூலும் வந்தன. கலைச்சொற்கள் தனித் தொகுப்புகளாகவும் அச்சாயின. இவையெல்லாம் சேர்ந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களாகும்.

இவற்றுள் 'மனுஷ அங்காதிபாதம்' கிரே என்பார் எழுதிய புகழ்மிக்க உடற்கூற்று நூலின் தமிழாக்கம். மூலநூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858ஆம் ஆண்டில். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழில் கிடைத்தது. உலகின் புத்தறிவுக்கும் தமிழ் மாணவனுக்கும் இடையே இருந்த தொலைவு அன்று அவ்வளவே.

இப்பெரும்பணி கிறீன் ஒருவரால் மட்டும் முடிந்ததன்று. அவரிடம் கற்றுத் தேர்ந்த தமிழ் மாணவர் மொழிபெயர்ப்பின் முதல் வரைவை எழுதுவர். கிறீன் அதனை மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்துவார். ஆசிரியரும் மாணவரும் கூடி உருவாக்கிய பாடநூல்கள் எனலாம்.

கலைச்சொல் ஆக்கத்தில் அவர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தார். பொருத்தமான தமிழ்ச்சொல் உண்டா என முதலில் தேடுவார். கிடையாதாயின் வடசொல்லை நாடுவார். அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கேற்ப எழுதுவார். புண்ணைக் குறிக்கும் 'இரணம்' அறுவை மருத்துவத்தின் பெயரில் அமைந்தது. 'அங்காதிபாதம்' என்னும் பெயர், தலைமுதல் அடிவரை பாடும் கேசாதிபாதம் என்னும் பழைய இலக்கிய வழக்கைக் கற்றோர்க்கு நினைவூட்டும். 'கெமிஸ்தம்' ஆங்கிலச்சொல் தமிழ் ஈறு பெற்றதாகும். இச்சொற்களுட் பல இன்று வழக்கில் இல்லை. உடற்கூற்றியல், உடலியங்கியல், வேதியியல் என்னும் சொற்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. எனினும், சொல்லுக்காகக் காத்திராமல் கற்பிக்கத் தொடங்கியோர்க்கே சொல் வந்து வாய்த்தது என்னும் உண்மை இங்கே கருதத்தக்கது.

முயற்சி நின்ற விதம்

உடல்நலங் குன்றிய கிறீன் 1873ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். வூஸ்டரில் இருந்தபோதும் தமிழ்ப்பணியை அவர் விட்டாரல்லர். கையெழுத்துப் படிகளைத் திருத்தியனுப்பும் வேலை தொடர்ந்தது. 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ நற்செய்தித் தொண்டராக இருந்தவர் என்னும் குறிப்பே அவர் விருப்பப்படி கல்லறையில் பொறிக்கப்பட்டது. மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 1967ஆம் ஆண்டில் கவிஞர் அம்பி எழுதிய நூல் தமிழுலகம் அவரை மீண்டும் நினைக்க உதவியது.

கிறீன் சென்றபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. அரசின் ஏற்பும் பதவியும் சம்பளமும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்கு வந்து இரயில்வே, நிலஅளவை, மருத்துவமனை முதலிய துறைகளில் அமர்ந்ததும் இதன் தொடர்ச்சியே. பிழைப்பு ஆங்கிலத்தில் இருக்கையில் படிப்பைத் தமிழில் நிறுத்திவைப்பது அரிது. தமிழ்வழி மருத்துவம் நின்றதற்குக் காரணம் இதுவே. மொழிக்கு வலுவில்லை என்று கூற அந்நாலாயிரம் பக்கங்களும் இடந்தரா.

மலேசியாவில் 2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோதும், அம்முறையைக் கைவிடுவதென 2009ஆம் ஆண்டில் முடிவானபோதும் தமிழ்ப்பள்ளிகளைச் சூழ்ந்தெழுந்த வாதங்கள் பல. அவ்வாதங்களில் மானிப்பாயின் பெயர் ஒலித்திருத்தல் வேண்டும். தமிழில் அறிவியல் சொல்ல முடியுமா என்னும் வினா 1872ஆம் ஆண்டிலேயே தீர்ந்தது. தமிழில் கற்றவனுக்கு வாழ்வில் இடமுண்டா என்னும் வினாவே தீராமல் நிற்கிறது. அதற்கு விடை காண்பது சமுதாயத்தின் கடன். அவ்விடை பிறக்கும்வரை நூலும் சொல்லும் ஆயத்தமாக இருக்கச் செய்வது தமிழாசிரியரின் கடன். பிறமொழியில் பிறந்த ஒருவர் அக்கடனைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்று முடித்துச் சென்றார்.