எல்.சி. இல்லாத கல்யாணம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ ஏற்றுமதி செய்கிற யாரையாவது கேட்டுப்பாருங்கள். முகம் தெரியாத ஒரு இத்தாலிக்காரருக்குச் சரக்கு அனுப்புவதென்றால், ‘எல்.சி. வந்தாச்சா?’ என்பதுதான் முதல் கேள்வி. வாங்குகிறவர் கையை விரித்தாலும், பேப்பர் சரியாக இருந்தால் பணம் தருகிறோம் என்று வங்கி கொடுக்கிற உத்தரவாதம் அது.

அதே ஊரில், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும்போது என்ன கேட்கிறோம்? சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா... முடிந்தது! பெண் எந்த விசாவில் போகிறாள், அது யார் தயவில் நிற்கிறது என்று கேட்பதில்லை.

அடி எந்த ஊரிலும் வலிக்கத்தான் செய்யும். உள்ளூரில் என்றால், பஸ் பிடித்து அம்மா வீட்டுக்காவது வந்துவிடலாம். அங்கேயோ புருஷன் கையில் இன்னொரு ஆயுதமும் உண்டு. ‘வாயைத் திறந்தே, விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவேன்!’

இந்த ஆயுதத்தை அவன் கையில் கொடுத்தது சட்டம்தான். பிரிட்டனில் 1870-ல் வந்த சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த பெண் பிரிட்டிஷ் பிரஜையாக இருக்க முடியாது. அமெரிக்காவும் 1907-ல் அப்படியே செய்தது. புருஷன் எந்த நாடோ, பெண்டாட்டியும் அந்த நாடு! பிரிட்டனில் இந்த வழக்கம் முழுசாக ஒழிய 1949 ஆகிவிட்டது.

சட்டம் போனது, புத்தி போகவில்லை. பிறகு அங்கே ‘ஒரு வருஷ விதி’ வந்தது. கல்யாணமாகி வந்த பெண், ஒரு வருஷம் புருஷனோடு வாழ்ந்து காட்டினால்தான் நிரந்தரமாகத் தங்கலாம். நடுவில் பிரிந்தால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதுதான். எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பார்கள்!

இதை எதிர்த்துப் போராடியது, லண்டன் சவுத்தால் பகுதியில் 1979-ல் தொடங்கிய ‘சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்’ என்ற அமைப்பு. அதே வருஷம் கல்யாணமாகி பிரிட்டன் போனவர் பஞ்சாபில் பிறந்த கிரண்ஜித் அலுவாலியா. பத்து வருஷம் அடி, உதை. 1989-ல் தூங்கிக்கொண்டிருந்த கணவன்மீது பெட்ரோல் ஊற்றித் தீவைத்தார். கணவன் இறந்தான். ஆயுள் தண்டனை. ‘சிஸ்டர்ஸ்’ ஊரைக் கூட்டினார்கள். அவருடைய மனநிலை பற்றிய மருத்துவச் சான்று முதல் விசாரணையில் வைக்கப்படவே இல்லை என்று தெரிந்து, 1992-ல் அப்பீலில் தீர்ப்பு ரத்தானது. அதே வருஷம் விடுதலை. கொலையை யாரும் நியாயப்படுத்தவில்லை. பத்து வருஷமாக ஒரு கதவுகூடத் திறக்கவில்லையே என்பதுதான் கேள்வி.

கதவுகள் மெள்ளத் திறந்தன. அடிபட்ட மனைவி, புருஷன் தயவில்லாமல் தானே விண்ணப்பிக்க அமெரிக்கா 1994-லும், பிரிட்டன் 1999-லும் வழிவிட்டன.

நம் ஊரில்? திருப்பதியில் 1975-ல் நடந்த ஒரு கல்யாணம். கணவர் அமெரிக்க கோர்ட்டில் விவாகரத்து வாங்கிவிட்டார். மனைவி விரும்பிப் போய் வாதாடாத, அவர்களுடைய திருமணச் சட்டத்துக்குப் பொருந்தாத அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

பெண் சரக்கில்லை. அதனால்தான் பேப்பர் அவள் கையிலேயே இருக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, கல்யாணப் பதிவுச் சான்று மூன்றும் அவளிடம். நகல்கள் அப்பாவின் பீரோவில்.

ஷூவுக்குக் கேட்கிற கேள்வியை மகளுக்கும் கேளுங்கள் சார்!