கிளாம்பாக்கம்: இறங்கிய பிறகு வரும் தூரம்

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 88 ஏக்கர் நிலம், 390 கோடி ரூபாய்க்கும் மேல் செலவு. அடுத்த சில வாரங்களில் தென்மாவட்டப் பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கோயம்பேட்டை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தன. அதோடு சேர்ந்து ஒரு பெரும் முணுமுணுப்பும் கிளம்பியது. ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள், மூட்டை முடிச்சோடு எவ்வளவு தூரம் நடப்பது, ஊரிலிருந்து வந்து சேரும் காசு அங்கிருந்து வீட்டுக்குப் போவதற்கே ஆகிவிடுகிறது என்று தொலைக்காட்சியிலும் சமூக ஊடகத்திலும் தேநீர்க் கடையிலும் பேசினார்கள். இன்னொரு பக்கம், விமான நிலையம் மாதிரி இருக்கிறது, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று வியந்தவர்களும் உண்டு.

எல்லாரும் ஒத்துக்கொண்ட குறை ஒன்று இருந்தது. முனையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் ரயில் பாதை. ஆனால் முனையம் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் மின்சார ரயில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பேருந்து நிலையம், அப்புறம் ரயில் நிலையம், அதற்கும் அப்புறம் இரண்டையும் இணைக்கும் நடைமேம்பாலம் என்று வேலை நடந்தால், நடுவில் தவிப்பது பயணிதான். அந்தக் கோபம் நியாயமானது.

இருந்தாலும் தோழர்களே, வரலாறு படிக்கிற நாம் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். 'பொதுமக்கள் எதிர்ப்பு' என்று செய்தியில் வரும்போது அந்தப் பொதுமக்கள் யார்? ஒரு நிலையத்தில் இறங்கிய பிறகு வீடு வரைக்கும் இருக்கிற தூரம் எல்லாருக்கும் ஒரே தூரம்தானா?

ரயில் ஏற்றிக்கொண்டது, நிலையம் விசாரித்தது

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது. சாதிக்கு ஒரு பெட்டி வைத்தால் வருமானம் வராது என்பது ரயில் கம்பெனிகளுக்குத் தெரியும். அதனால் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் காசு கொடுத்தவர் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இது சமத்துவ எண்ணத்தில் நடந்ததல்ல, வியாபாரத்தில் நடந்தது. ஆனாலும் ஊருக்கும் சேரிக்கும் இடையிலிருந்த கோடு அந்தப் பலகை இருக்கையில் கொஞ்சம் அழிந்தது என்பதை மறுக்க முடியாது.

சாதி சும்மா இருக்குமா? பெட்டிக்குள் நுழைய முடியாத சாதி, நடைமேடையில் கடை விரித்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று பிரித்து வைத்தார்கள். பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் பல ஆண்டுகள் எதிர்த்த பிறகு, 1941இல்தான் தென்னிந்திய ரயில் நிலையங்களில் அந்தப் பிரிவினை ஒழிந்தது. முதல் ரயில் ஓடி 85 ஆண்டுகள் கழித்து!

அண்ணல் அம்பேத்கர் எழுதி வைத்த ஒரு நிகழ்ச்சியை நம் இளைஞர்கள் பலரும் படித்திருப்பீர்கள். 1901ஆம் ஆண்டு. சிறுவன் பீமராவும் அவர் அண்ணனும் அக்கா பிள்ளைகளும், வேலை பார்க்கும் இடத்தில் இருந்த அப்பாவைப் பார்க்க, சாத்தாராவிலிருந்து ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். கடிதம் போய்ச் சேராததால் அழைத்துப் போக ஆள் வரவில்லை. நன்றாக உடுத்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்து நிலைய அதிகாரி அக்கறையோடுதான் விசாரிக்கிறார். 'மகர்' என்று அவர்கள் சொன்னதும் அவர் முகமே மாறிவிடுகிறது. வாசலில் மாட்டுவண்டிகள் நிற்கின்றன, ஏற்றிக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை. கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் கூட நடந்து வருவது என்று ஏற்பாடாகிறது. வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ரயில் பயணத்தில் சிக்கல் எதுவும் இல்லை என்பதுதான். மற்றவர்கள் வாங்கிய அதே டிக்கெட்டை வாங்கினார்கள், மற்றவர்களைப் போலவே வந்து சேர்ந்தார்கள். நிலையத்தின் வாசலில்தான் சாதி காத்திருந்தது. இன்று திட்ட அறிக்கைகளில் 'கடைசி மைல்' என்று எழுதுகிறார்களே, அந்தத் தூரத்துக்கு இரட்டை வாடகை கட்டியவர்கள் நம் மக்கள்.

பேருந்தில் ஏறும் உரிமை

ரயிலுக்குப் பின்னால் பேருந்து வந்தது. ரயில் கம்பெனி எங்கோ இருந்தது, பேருந்து முதலாளி உள்ளூர்க்காரர். அதனால் சாதி பேருந்துக்குள் சுலபமாக ஏறிக்கொண்டது.

1924இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடம் ஆகியவற்றை ஆதிதிராவிடர்கள் பயன்படுத்தத் தடை இல்லை என்பதே அது. ஆகஸ்டில் நிறைவேறி, செப்டம்பரில் அரசாணையாக வந்தது. அவர் பிறந்த கோழியாளம் கிராமம் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. கிளாம்பாக்கமும் அதே மாவட்டம்தான். பொதுச் சாலையில் நாம் நடக்கலாம் என்று சட்டமன்றத்தில் கேட்டு வாங்கி 100 ஆண்டுகள் ஆவதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் அந்தப் பெரிய முனையம் திறக்கப்பட்டது.

சாலை திறந்தது, ஆனால் சாலையில் ஓடும் பேருந்து திறக்கவில்லை. தனியார் பேருந்து முதலாளிகள் பல இடங்களில் நம் மக்களை ஏற்ற மறுத்தார்கள். 1930ஐ ஒட்டிய காலத்தில் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சௌந்தர பாண்டியன், தாழ்த்தப்பட்டோரை ஏற்றாத பேருந்துக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டார். மனம் மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, உரிமத்தில் கை வைத்தார். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது நல்ல பாடம்.

1950இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரிவு 15 பொது இடங்களைத் திறந்தது, பிரிவு 17 தீண்டாமையை ஒழித்தது. பின்னர் பேருந்துப் போக்குவரத்தில் பெரும்பகுதி அரசுக் கழகங்களின் கைக்கு வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டுநராக, நடத்துநராக வேலைக்குப் போனார்கள். சாதி இந்துக்கள் ஏறும் வண்டியின் ஸ்டியரிங்கை ஒரு தலித் பிடித்திருப்பதைப் பொறுக்க முடியாதவர்களும் இருந்தார்கள். 1995 ஜூலையில் வீரசிகாமணியில் ஒரு தலித் பேருந்து ஓட்டுநருக்கும் ஆதிக்கச் சாதி மாணவர்களுக்கும் ஏற்பட்ட தகராறு தென்மாவட்டங்களில் கலவரமாகப் பரவியது. ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறையே ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடியதில் போய் அது முடிந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொன்று நடந்தது. அப்போது சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் என்று பெயர் தாங்கிய போக்குவரத்துக் கழகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1997இல் விருதுநகர் பகுதிக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் அறிவிக்கப்பட்டது. கட்டபொம்மனோடு நின்று போரிட்ட வீரர் அவர், தேவேந்திரர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். வன்முறை வெடித்தது. உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயரைக் காப்பாற்ற முடியாத அரசு, எல்லாப் பெயரையும் அழித்து அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைத்தது.

அதுவும் அன்றைக்குப் 'பொதுமக்கள் எதிர்ப்பு' என்ற பெயரில்தான் நடந்தது. ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதும் நாம் கொஞ்சம் நின்று யோசிக்கிறோம்.

யார் குரல் எங்கே போனது

இனி கிளாம்பாக்கத்துக்கு வருவோம். ஆம்னி பேருந்துகளும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று 2024 ஜனவரியில் அரசு சொன்னது. உரிமையாளர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். பிப்ரவரியிலேயே, கோயம்பேட்டில் உள்ள தங்கள் பணிமனைகளிலிருந்து பயணிகளை ஏற்ற இடைக்கால அனுமதி கிடைத்தது. அவர்களுக்கு வழக்கறிஞர் இருந்தார், சங்கம் இருந்தது.

அதே பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு. திருச்சி பக்கம் போகப் போதிய பேருந்து இல்லை என்று, குழந்தைகளோடும் மூட்டைகளோடும் காத்திருந்த பயணிகள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். முன்பதிவு செய்யாமல் சாதாரணப் பேருந்தை நம்பி வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள்? கட்டட வேலைக்கு வந்தவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், கடைசி நேரத்தில் லீவு கிடைத்து ஓடி வருகிறவர்கள். ஒரே மாதத்தில் ஒரு தரப்பின் குறை நீதிமன்றத்தில் உத்தரவானது, இன்னொரு தரப்பின் குறை சாலை மறியல் செய்தியானது. வாழ்க்கை அனுபவம் இருக்கிற யாருக்கும் இது புதிதல்ல.

தூரம் என்ற குறைக்கே வருவோம். கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வருடத்துக்கு நாலு முறை ஊருக்குப் போகிறவர்கள் இந்தத் தூரத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசினார்கள். பேசட்டும், பேச வேண்டியதுதான். ஆனால் 2000ஆம் ஆண்டிலிருந்து கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்துக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் விட்டார்களே, அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமாக நடந்தது. வேலை நகரத்துக்குள், வீடு நகரத்துக்கு வெளியே. அவர்கள் அந்தத் தூரத்தைத் தினமும் போய்த் தினமும் திரும்புகிறார்கள். பள்ளியை விட்ட பிள்ளைகள் உண்டு, வேலையை இழந்த பெண்கள் உண்டு. நடுத்தர வர்க்கத்தின் பையில் கனத்த அதே தூரம் இவர்கள் முதுகில் ஏறியபோது 'குடிசை இல்லா நகரம்' என்று கைதட்டினார்கள்.

அடுத்தது சுத்தம். புதிய நிலையத்தைப் பாராட்டுகிறவர்கள் முதலில் சொல்வது தரையும் கழிப்பறையும் பளபளப்பாக இருப்பதைத்தான். பளபளப்பாக வைத்திருப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ரயில்வேயின் கதை நமக்குத் தெரியும். ஓடும் ரயிலிலிருந்து மலம் தண்டவாளத்தில் விழ, அதைக் கூட்டி அள்ளியவர்கள் நம் மக்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் தண்டவாளத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனால் பாதுகாப்புக் கருவிகளோடு செய்தால் அது அந்த வேலையாகாது என்று ஒரு சந்தையும் அதிலேயே விட்டுவைத்தது. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலக்கெடு வைத்து இதை ஒழிக்கும்படி ரயில்வேக்குச் சொல்ல வேண்டி வந்தது. ரயில் பெட்டிகளில் உயிரிக் கழிப்பறைகள் வந்ததால் தண்டவாளத்தின் நிலை மாறியிருக்கிறது. துடைப்பம் பிடிக்கும் கை மட்டும் மாறவில்லை, முதலாளிதான் ஒப்பந்தக்காரராக மாறினார்.

கடைசியாக நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்ட காரணை மக்களின் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தார்கள். இப்போது நகரம் தெற்கே நகர்கிறது. ஒரு பேருந்து முனையமும் ஒரு ரயில் நிலையமும் வந்தால் சுற்றிலும் மனை விலை ஏறும். விலை ஏறினால் சேரியின் நிலத்தின் மீதும் கண் விழும்.

நாம் செய்யக்கூடியது

புதிய நிலையங்களுக்கு நாம் எதிரிகள் அல்ல. யார் எந்தத் தெரு என்று தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இடங்கள் நம் நாட்டில் குறைவு. பேருந்து நிலையம் அவற்றில் ஒன்று. ஒரு ஊருக்குப் பேருந்து நின்றால் அந்த ஊரின் பெண் கல்லூரிக்குப் போவாள் என்பதை நாம் 'கர்ணன்' படம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, வாழ்ந்து தெரிந்துகொண்டோம். அதனால்தான் நிலையம் நமக்கும் நிலையமாக இருக்க வேண்டும் என்கிறோம்.

மாணவத் தோழர்கள் மூன்று வேலைகளை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பகுதியில் எந்தச் சேரிக்குப் பேருந்து நிற்கவில்லை, எங்கே ஊரைத் தாண்டித் தள்ளி நிற்கிறது என்று வரைபடம் போடுங்கள். நிலையங்களைச் சுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்கு ஒப்பந்தப்படி எவ்வளவு சம்பளம், கைக்கு எவ்வளவு வருகிறது, கையுறையும் ஓய்வறையும் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நகரம் நெருங்கி வரும் கிராமங்களில் அ-பதிவேட்டை எடுத்து, பஞ்சமி நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த நிலையம் திறக்கும் நாளில் 'பொதுமக்கள் கருத்து' கேட்டு மைக்கோடு வருவார்கள். அன்றைக்கு நம் கையில் இந்தத் தாள்கள் இருக்கட்டும்.