கரி அள்ளியவர்கள்

ஜெர்மனியின் நோர்ட்டாய்ச்சர் லாயிட் கம்பெனியின் பயணிகள் கப்பல் ‘க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம்’ 1901இல் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அட்லாண்டிக்கை அதிவேகமாகக் கடந்த கப்பல் என்று பெயர் வாங்கியது. அந்த வேகத்தைக் கையால் உண்டாக்கியவர்களைப் பயணிகள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நீர்மட்டத்துக்குக் கீழே, கொதிகலன்களுக்கு எதிரே, நான்கு மணி நேர முறையில் நின்றவர்கள் ஃபயர்மேன்கள். உலைக்கதவைத் திறந்ததும் கரியை விசிறினாற்போல் பரப்ப வேண்டும். ஒரே இடத்தில் குவிந்தால் நெருப்பு அமுங்கிவிடும். பிறகு நீண்ட இரும்புக் கம்பியை விட்டு, உருகி ஒட்டிய கசடைப் பெயர்த்து இழுக்க வேண்டும். கரிக்கிடங்கின் இருட்டில் தள்ளுவண்டி நிரப்பியவர்களின் பாடு இதைவிட மோசம். முழு வேகத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 500 டன் கரி எரியும். அத்தனையும் மண்வாரியால் போட்டது.

முதல் உலகப் போர் மூண்ட வேளையில், 1914 ஆகஸ்ட் 3 அன்று கப்பல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. நடுக்கடலில் ‘கார்ல்ஸ்ரூஹ’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இரண்டு பீரங்கிகளையும் பால் தீர்ஃபெல்டர் என்ற தலைவரையும் கொடுத்தது. நேற்றுவரை பயணிகளுக்காக உழைத்தவர்கள் போர்வீரர்களானார்கள். பயணிகளின் பெரிய கூடம் கரிக்கிடங்கானது. பிடித்த எதிரிக் கப்பல்களை அருகில் கட்டி, அலையில் இரண்டும் மோதிக்கொள்ள, கரியை மூட்டை மூட்டையாக மாற்றினார்கள். 251 நாள் இப்படி. பிடிபட்ட கப்பல்கள் பதினைந்து. அவற்றில் ஒருவர் உயிரும் போகவில்லை. எதிரியின் உயிரைக் காத்த இந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன்.

சொந்த ஆட்களைத்தான் காக்கத் தவறினார்கள். வெள்ளை ரொட்டி, மாட்டிறைச்சி, டப்பாக் காய்கறி என்றே மாதங்கள் கழிந்தன. கைக்கு வந்த கொஞ்சநஞ்சப் பச்சைக் காய்கறி அதிகாரிகளின் மேசைக்குப் போனது. கால் வீங்கி, நடக்க முடியாமல், மூச்சிரைத்து ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். பெரிபெரி நோய். 1915 ஏப்ரலில், நடுநிலை நாடாக இருந்த அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் துறைமுகத்தில் கப்பல் ஒதுங்கியபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் படுக்கையில். கோதுமைத் தவிடு ஊறிய நீரும் காய்கறி சூப்பும் அவர்களை எழுப்பின. தீட்டிய மாவில் போய்விட்ட சத்து தவிட்டில் இருந்தது. உழைத்த உடம்புக்கு அந்தத் தவிடுகூடக் கிடைக்காதது எனக்கு ஆறவே இல்லை.

அமெரிக்கா அவர்களைக் காவலில் வைத்திருந்த காலத்தில், நார்ஃபோக் கடற்படைத் தளத்தில், கழித்த மரத்துண்டுகளைப் பொறுக்கி ‘ஐட்டல் வில்ஹெல்ம்’ என்று ஒரு குட்டி ஜெர்மன் கிராமமே கட்டினார்கள். வண்ணம் பூசிய சிறு வீடுகள், வேலி போட்ட தோட்டங்கள். பார்க்க ஊர் ஜனம் திரண்டது. 1916இல் அவர்களை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். மறு ஆண்டு அமெரிக்காவும் போரில் இறங்க, ஜார்ஜியாவில் கைதிகளானார்கள். கூட்டம் அத்தோடு கலைந்தது.

அமெரிக்கா கைப்பற்றிய கப்பல் ‘ஃபான் ஸ்டோய்பன்’ என்று பெயர் மாறி அமெரிக்கப் படைகளை ஏற்றிச் சென்றது. 1923இல் உடைபடப் போனது. அதே லாயிட் கம்பெனி 1929இல் ‘பிரெமன்’ என்ற புதிய விரைவுக்கப்பலை விட்டது. அதன் உலைகளுக்கு எண்ணெய் குழாய் வழியே போனது. கரி அள்ள அங்கே யாருக்கும் வேலை இல்லை.