0.2 என்ற எண்ணின் கதை

பெய்யும் மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு வழிந்தோடும்? இன்றைக்கு மழைநீர் வடிகால் கணக்குப் போடும் பலரும் கையில் எடுப்பது ‘கர்வ் நம்பர்’ முறை. இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், நகரத்துக்குப் போகாமல் வயல்காட்டில்தான் போய் நிற்போம்.

1930-களில் அமெரிக்கச் சமவெளிகளின் மேல்மண் புழுதிப்புயலில் பறந்தது. அதைத் தடுக்க 1935-ல் மண் பாதுகாப்புத் துறை உருவானது. 1954-ல் வந்த ஒரு சட்டம், சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் வெள்ளத்தடுப்பு வேலைகளை இந்தத் துறையிடம் கொடுத்தது. ஊர் ஊராகச் சிறு அணைகள் கட்ட வேண்டும். கையில் இருந்ததோ பெரும்பாலும் ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு மழை என்ற குறிப்பு மட்டும்தான். எந்த மணியில் எவ்வளவு பெய்தது என்று தெரியாது. அதனால் துறையின் நீரியலாளர் விக்டர் மாக்கஸ், நேரத்தையே விட்டுவிட்டு மொத்த மழையை வைத்து ஒரு சூத்திரம் அமைத்தார்.

மண்ணின் வகை, அதன் மேல் இருப்பது பயிரா, காடா, தாரா என்பதைப் பார்த்து நிலத்துக்கு ஓர் எண் கொடுப்பார்கள். அதிகபட்சம் 100. எண் கூடினால் ஓட்டமும் கூடும். 100 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு நீர் உறிஞ்சும் மண்ணில் நல்ல புல்வெளி என்றால் எண் 61. சுமார் 20 மி.மீ. ஓடும். அதே இடத்தில் கான்கிரீட் போட்டால் எண் 98. சுமார் 94 மி.மீ. ஓடும். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு!

சரி, அந்த 0.2? ஓட்டம் தொடங்கும் முன் இலையிலும் குழியிலும் மண்ணிலும் நின்றுபோகும் மழை, நிலம் அதிகபட்சம் பிடித்துவைக்கக்கூடிய நீரில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டார்கள். 10 ஏக்கருக்கும் குறைவான நிலங்களின் அளவீடுகளிலிருந்து வந்த எண் இது. அந்தப் புள்ளிகளில் பாதிதான் 0.095-க்கும் 0.38-க்கும் இடையில் இருந்தன. மீதிப் பாதி அதற்கும் வெளியே சிதறிக் கிடந்தது.

1975-ல் இதே முறையை நகரங்களுக்கும் கொண்டுபோனார்கள். பிற்கால ஆய்வாளர்கள் 0.05 பல இடங்களுக்கு இன்னும் பொருந்தும் என்றார்கள். ஆனாலும் 0.2 நிலைத்துவிட்டது. அட்டவணையும் கையேடும் அதை வைத்தே அச்சாகியிருந்தனவே!

மாக்கஸைக் குறை சொல்ல முடியாது. இருந்த தரவை வைத்து, அன்றைய வேலைக்குப் போதுமான கருவியைச் செய்துகொடுத்தார். ஆனால் இரண்டு மணி நேரத்தில் கொட்டும் 100 மி.மீ.க்கும் நாள் முழுக்கத் தூறும் 100 மி.மீ.க்கும் இந்தச் சூத்திரம் ஒரே விடைதான் சொல்லும். சாக்கடையும் தெருவும் அப்படிப் பார்ப்பதில்லை. அடுத்த முறை ஒரு வடிகால் அறிக்கையைப் படித்தால், அதில் 0.2 எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.