எழுத்து ஒன்று, வேர் இரண்டு: எபிரேயச் சொற்களின் வரலாறு

முதுமையில் யாக்கோபு எதன்மீது சாய்ந்து தொழுதார்? ஆதியாகமம் (47:31) கட்டிலின் தலைமாடு என்கிறது. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் (11:21) கோலின் முனை என்கிறது. தமிழ் விவிலியத்திலும் இவ்வேறுபாடு அப்படியே உள்ளது.

இதற்குக் காரணம் மேம், தேத், ஹே என்னும் மூன்று எழுத்துகள். பண்டைய எபிரேயத்தில் பெரும்பாலும் மெய்களே எழுதப்பட்டன. அம்மூன்றையும் 'மிட்டா' என வாசித்தால் கட்டில்; 'மட்டே' என வாசித்தால் கோல். கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் ஐந்தாகமங்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் கோல் எனக் கொண்டனர். நிருபம் அவர்களைப் பின்பற்றியது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் உயிர்க்குறிகளை இட்ட மசோரெத் அறிஞர்கள் கட்டில் என்னும் வாசிப்பை நிலைநிறுத்தினர். பொருளால் விலகி நிற்கும் இவ்விரு சொற்களும், நீட்டுதல், சாய்தல் எனப் பொருள்படும் ஒரே வேரில் பிறந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. ஹேத், ரேஷ், ஷின் என்னும் எழுத்துகள் 'ஹாரஷ்' (உழுதான்) என்றும் 'ஹேரேஷ்' (செவிடன்) என்றும் வாசிக்கப்படும். எழுத்து ஒன்றாயினும் வேர் வேறு. அரபியில் உழுதலைக் குறிக்கும் 'ஹரத', ஊமையாதலைக் குறிக்கும் 'கரிஸ' ஆகியவற்றின் முதல் மெய்யும் இறுதி மெய்யும் வெவ்வேறானவை. எபிரேயத்தின் 22 எழுத்துகளில் அவ்வொலிகளுக்குத் தனித்தனி வடிவம் இல்லை. ஆகவே இரு வேர்களும் ஒரே தோற்றம் பெற்றன.

1929இல் சிரியாவின் ராஸ் ஷம்ராவில் தொடங்கிய அகழாய்வு, உகாரித் மொழியின் களிமண் பலகைகளை வெளிக்கொணர்ந்தது. அம்மொழியின் 30 எழுத்துகள், எபிரேய எழுத்துமுறை வேறுபடுத்தாத பல ஒலிகளைப் பிரித்துக் காட்டின. உழுதலுக்கான சொல், அரபியோடு ஒத்த மெய்களைக் கொண்டே அங்கு எழுதப்பட்டுள்ளது.

எனவே, எழுத்தொப்புமையை மட்டும் கொண்டு இரு சொற்களுக்கிடையே உறவு கற்பித்து, அதன்மேல் உட்பொருள் கட்டுவது ஆய்வாகாது. உழவுக்கும் செவிட்டுத்தன்மைக்கும் தத்துவத் தொடர்பு தேடுபவர், எழுத்துகளின் பற்றாக்குறைக்கே விளக்கம் எழுதுகிறார். கிளைமொழிகளை ஒப்பிட்டு ஒலிகளை மீட்ட பின்னரே வேரைப் பற்றிப் பேச இயலும்.