தாய்ப்பால் ஹார்மோனுக்கு 'பிரேக்' போடும் டோபமைன்: மூளையில் நடப்பது என்ன?

டோபமைன் என்றதும் 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்றுதான் பலரும் சொல்வாங்க. ஆனால் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸில் அதற்கு இன்னொரு வேலை இருக்கு. தாய்ப்பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனுக்கு பிரேக் போடுவதுதான் அது.

எப்படி நடக்கிறது?

ஹைப்போதாலமஸ் வெளியிடும் டோபமைன், நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியாக பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய் புரோலாக்டினைத் தடுக்கிறது. புரோலாக்டின் கூடினால், அதுவே டோபமைனைக் கூட்டித் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். குழந்தை பால் குடிக்கும்போது டோபமைன் குறையும், புரோலாக்டின் உயரும்.

மருந்தால் மாறுமா?

மாறும். வாந்திக்குத் தரப்படும் டோம்பெரிடோன், சில மனநல மருந்துகள் ஆகியவை டோபமைனின் வேலையைத் தடுக்கும். ரத்த அழுத்தத்தைச் சர்ப்பகந்தா வேர் குறைப்பது பற்றி மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் எழுதினார். அந்த வேரிலிருந்து பின்னர் பிரிக்கப்பட்ட ரிசர்பைன், டோபமைன் இருப்பையே காலி செய்யும். இதனாலும் புரோலாக்டின் எகிறும்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

கர்ப்பமோ பாலூட்டலோ இல்லாதபோது பால் கசிந்தால், மாதவிடாய் தள்ளிப்போனால் பார்க்கணும். ரத்தப் பரிசோதனையில் புரோலாக்டின் அளவு தெரியும். பிட்யூட்டரி கட்டியும் காரணமாக இருக்கலாம். அதற்கு டோபமைன் போலச் செயல்படும் காபர்கோலின் மாத்திரை உண்டு. சாப்பிட்டுவரும் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திடாதீங்க.