சாமுண்டி மலையில் நந்திக்கு என்ன வேலை?

மைசூருக்கு இதுவரை நாலு தடவை போயிருக்கேன். முதல் மூணு தடவையும் சாமுண்டி மலைக்குப் பஸ்ஸிலோ காரிலோதான் போனேன். வண்டி மேலே கொண்டுபோய் விடும். கையில் வாளும் பாம்பும் பிடித்து நிற்கும் மகிஷாசுரன் சிலை முன்னாடி ஒரு போட்டோ, வரிசையில் நின்று அம்மன் தரிசனம், அப்புறம் இறங்கி வந்துவிடுவேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் போய் வருகிறோம்.

நாலாவது தடவை ஆஷாட மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் படியேறினேன். விடியும் முன்பே கூட்டம். எனக்கு முன்னால் போன ஒரு அம்மா ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் வைத்தார், அதன் மேல் குங்குமம் வைத்தார், அடுத்த படிக்கு நகர்ந்தார். ஆயிரத்துச் சொச்சம் படி, அத்தனைக்கும் அப்படியே. தமிழில் பேச்சுக் கொடுத்தேன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பமாம். "மூணாவது வருஷம் தம்பி. பொண்ணுக்காக வேண்டிக்கிட்டது" என்றார். அதுக்கு மேல் நான் கேட்கவில்லை.

முக்கால் மலை ஏறியதும் நந்தி வந்தது. ஒரே கல்லில் செதுக்கிய, சுமார் 15 அடி உயர நந்தி. கழுத்து மணியும் சதங்கையும் அவ்வளவு நுணுக்கம். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. அம்மனுக்கு வாகனம் சிங்கம்தானே? அவள் மலைக்குப் போகும் வழியில் சிவனுடைய காளைக்கு என்ன வேலை?

அந்த அம்மாவிடமே கேட்டேன். "மேல ஈஸ்வரன் கோயில் இருக்கே, நீங்க போனதில்லையா?" என்று திருப்பிக் கேட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. மூணு தடவை வந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

அந்தக் கோயில் மகாபலேஸ்வரர் கோயில். சாமுண்டேஸ்வரி கோயிலுக்குப் பக்கத்திலேயே, உயரம் இல்லாமல் அடக்கமாக இருக்கிறது. மலையின் பழைய கதை அங்கேதான் இருக்கிறது. கங்கர் காலத்தைச் சேர்ந்த, 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இங்கே உண்டு. 1128-ல் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனன் கொடை கொடுத்திருக்கிறான். ராமானுஜர் வரலாற்றில் நமக்குத் தெரிந்த அதே விஷ்ணுவர்தனன்தான். மலைக்கு அப்போது பெயர் மகாபலாசலம், மகாபலனின் குன்று. பேச்சு வழக்கில் 'மப்பல' என்று சுருங்கியிருக்கிறது. ஆக, ஏடறிந்த காலத்தில் இது முதலில் சிவன் மலையாகத்தான் பெயர் வாங்கியிருக்கிறது. அம்மன் அப்போது இங்கே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சின்னதாக ஒரு சன்னிதியில் இருந்திருக்கலாம். ஆனால் மலை அவள் பெயரில் இல்லை.

அது எப்போது மாறியது? மாற்றியவர்கள் மைசூர் உடையார்கள். சாமுண்டி அவர்களுடைய குலதெய்வம். 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட சாமராஜ உடையார் ஒருவர் அம்மனைக் கும்பிட மலைக்குப் போனபோது இடி விழுந்ததாம். தலைமுடி போனது, உயிர் பிழைத்தது. அதனால் அவருக்கு 'போள' சாமராஜர், அதாவது மொட்டைச் சாமராஜர் என்று பெயர் வந்ததாக அரச வரலாறுகள் சொல்கின்றன. நடந்ததோ இல்லையோ, அவள் காப்பாற்றினாள் என்று அரச குடும்பம் நம்பியது என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய செய்தி.

1659 முதல் 1673 வரை ஆண்ட தொட்ட தேவராஜ உடையார் படிகளைக் கட்டினார். நந்தியும் அவர் காலத்ததுதான். இங்கேதான் என் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது. குலதெய்வம் அம்மனாக இருந்தும் பாதையில் காளையை வைத்தார் என்றால், 17ஆம் நூற்றாண்டிலும் இந்த மலையைச் சிவன் மலையாகப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். ஆனால் காளை அங்கே உட்கார்ந்திருக்கிறதே!

அடுத்த திருப்பம் 1799. அதுவரை தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம். 1610-ல் ராஜ உடையார் தசராவைத் தொடங்கியதும் அங்கேதான். திப்பு விழுந்த பிறகு, ஐந்து வயதுப் பையனான மும்மடி கிருஷ்ணராஜ உடையாரை ஆங்கிலேயர்கள் மைசூரில் அரியணை ஏற்றினார்கள். தலைநகர் மலையடிவாரத்துக்கு வந்தது. அரண்மனையிலிருந்து நிமிர்ந்தால் தெரிகிற மலை, அந்த மலையில் குலதெய்வம். 1827-ல் அதே கிருஷ்ணராஜர் கோயிலைப் புதுப்பித்து, இன்று நாம் பார்க்கும் ஏழு நிலைக் கோபுரத்தை எழுப்பினார். நாலே வருஷத்தில், 1831-ல், நிர்வாகத்தை ஆங்கிலேயர்கள் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். 1868-ல் சாகும்வரை அது திரும்பக் கிடைக்கவில்லை. கோயிலுக்குள் அவரும் அவருடைய மூன்று ராணிகளும் கைகூப்பி நிற்கும் சிலைகள் இருக்கின்றன. வரிசையில் தள்ளிக்கொண்டு போகையில் யாரும் கவனிப்பதில்லை. அரசு கைவிட்டுப்போன ராஜாவுக்குக் கடைசிவரை நிலைத்த இடம் அந்த மூலைதான்.

இது ராஜாக்கள் கதை. ஜனங்களிடம் வேறு கதை இருக்கிறது.

தேவி மாகாத்மியத்தைப் புரட்டினால் ஒரு விஷயம் தெரியும். மகிஷனைக் கொல்வது முன் பகுதியில், தேவி. சாமுண்டி என்ற பெயர் பின்னால்தான் வருகிறது. தேவியின் நெற்றியிலிருந்து புறப்பட்ட காளி, சண்டனையும் முண்டனையும் கொன்றதால் பெற்ற பெயர் அது. ரக்தபீஜனின் ரத்தம் கீழே சிந்தாமல் வாயில் ஏந்திக் குடிப்பவளும் இந்தச் சாமுண்டியே. மைசூரில் இரண்டும் ஒன்றாகி, மகிஷனைக் கொன்றவளே சாமுண்டி ஆகிவிட்டாள்.

ஆனால் கன்னட நாட்டார் கதையைக் கேளுங்கள். அங்கே மகிஷனின் ரத்தம் தரையில் விழ விழப் புது அசுரர்கள் முளைக்கிறார்கள். சாமுண்டி தனியாகச் சமாளிக்க முடியாமல் திணறுகிறாள். அப்போது தங்கை வந்து நாக்கை நீட்டி ரத்தம் முழுவதையும் ஏந்திக்கொள்கிறாள். அந்தத் தங்கைதான் மலையடிவாரத்து உத்தனஹள்ளியில் இருக்கும் அம்மன். புராணத்தில் சண்டை போடுபவள் ஒருத்தி, ரத்தம் குடிப்பவள் இன்னொருத்தி. கோயில் மரபு இரண்டு பேரையும் ஒருத்தியாக்கியது. ஊர்க்கதை அவர்களை அக்கா தங்கையாக வைத்திருக்கிறது. படிக்காதவர்கள் குழப்பிவிட்டார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லும் இடத்தில், பழைய பங்கீட்டைக் காப்பாற்றி வைத்திருப்பது அவர்கள்தான்.

இன்னொரு கதை இன்னும் சுவாரசியம். நஞ்சன்கூட்டு நஞ்சுண்டேஸ்வரரும் சாமுண்டியும் காதலர்கள். அவருக்கு வீட்டில் மனைவி இருக்கிறாள், சண்டை நடக்கிறது. நம்ம ஊர் வள்ளி தெய்வானை ஏசல் மாதிரியேதான். ஆகமத்தில் இதற்கு இடமில்லை. பாட்டில் இடம் இருக்கிறது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். மகிஷன் ஆண்டதால் மகிஷூர், அதுவே மைசூர் என்பது எல்லாரும் சொல்லும் விளக்கம். நம் அகநானூற்றில், தலையாலங்கானத்துப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்த எழுவரில் ஒருவன் எருமையூரன். இந்த எருமையூரை மைசூர்ப் பகுதியாகவே பெரும்பாலும் அடையாளம் காண்கிறார்கள். அது சரியென்றால், இன்றைய கோயிலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த ஊருக்கு எருமைப் பெயர் இருந்திருக்கிறது. ஊர்ப் பெயரை விளக்கத்தான் அசுரன் வந்தானா, அல்லது எருமையைத் தங்கள் சின்னமாகக் கொண்ட ஒரு கூட்டத்தின் நினைவு அசுரனாகிப் போனதா? இரண்டாவதைச் சொல்பவர்கள் மகிஷனை அந்த மண்ணின் அரசன் என்கிறார்கள். அதனால்தான் அண்மைக்காலமாக மகிஷ தசரா என்று ஒன்று நடக்கிறது, அதையொட்டிச் சர்ச்சையும் நடக்கிறது. பெயர் பழையது என்பதற்கு மேல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல அகநானூற்றுச் சான்று போதாது.

வழிபாட்டு முறைகளையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஷாடம் நம் ஆனி ஆடியை ஒட்டி வரும் மாதம். கல்யாணம் காட்சி கிடையாது, ஆனால் அம்மனுக்கு விசேஷம். நம் ஆடி வெள்ளிபோல அங்கே ஆஷாட வெள்ளி. அம்மனின் வர்தந்தி, அதாவது பிறந்தநாளும், இதே மாதத்தில் தேய்பிறை சப்தமியில் வருகிறது. விஜயதசமி முடிந்தபின் மலைமேல் தேரும் தெப்பமும் உண்டு. தசரா ஊர்வலத்தில் யானைமேல் 750 கிலோ தங்க அம்பாரியில் முன்பு மகாராஜா போனார். மன்னர் மானியம் ஒழிந்தபிறகு, இன்று அதில் போவது சாமுண்டி. ராஜா இறங்கினார், அம்மன் ஏறினாள்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று. திருநெல்வேலிச் சீமை ஹரிகேசநல்லூரைச் சேர்ந்த முத்தையா பாகவதர் மைசூர் சமஸ்தான வித்வானாக இருந்தபோது, இந்த அம்மன்மேல் கன்னடத்திலேயே 108 கீர்த்தனைகள் செய்தார். மோகனகல்யாணியில் 'புவனேஸ்வரிய' கேட்டிருப்பீர்கள். அதுவும் இந்த மலைக்காரிக்காகத்தான்.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. முதலில் மகாபலேஸ்வரரைப் பார்த்தேன். உள்ளே நாலைந்து பேர்தான். அப்புறம் அம்மன் வரிசையில் ரெண்டு மணி நேரம். வெளியே வந்து படிப்பக்கம் எட்டிப் பார்த்தால் அந்த அம்மா கடைசிப் படிகளில் இருந்தார். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தவர் என்னைப் பார்த்ததும், "ஈஸ்வரனைப் பார்த்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த படிக்கு மஞ்சள் எடுத்தார்.

தொட்ட தேவராஜர் கட்டியது கல்படி. முந்நூற்றைம்பது வருஷமாக அதைப் பாதையாக வைத்திருப்பது இவர்கள். அடுத்த தடவை போனால் நீங்களும் படியேறிப் பாருங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை, பஸ்ஸில் போனாலும் பக்கத்துச் சின்னக் கோயிலுக்குள் ஒரு ஐந்து நிமிஷம் நுழைந்துவிட்டு வாருங்கள். மலையின் பழைய சொந்தக்காரர் அங்கேதான் இருக்கிறார்.